பாங்கோங்கா, சோ மோரிரியா? திரும்பி வரும் வழியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

2016 ஜூலையில் லடாக்கின் பாங்கோங் ஏரிக்கரையில் ஓர் இரவு முழுக்கத் தூங்காமல் உட்கார்ந்திருந்தேன். போன வருஷம் ஜூலையில் அதே லடாக்கின் இன்னொரு ஏரியான சோ மோரிரியில் இரண்டு இரவு நன்றாகவே தூங்கினேன். கீழே நான் எழுதப் போவதெல்லாம் அந்த வித்தியாசத்திலிருந்து வருவதுதான், அதனால் நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

அழகைப் பற்றிய பேச்சை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் பாங்கோங்தான் ஜெயிக்கும். 134 கிலோமீட்டர் நீளம், அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் நம் பக்கம். காலையில் ஒரு நீலம், மேகம் மறைத்தால் ஒரு பச்சை, சாயங்காலம் வேறொன்று. சோ மோரிரி சுமார் 26 கிலோமீட்டர்தான், முழுக்க இந்தியாவுக்குள், சுற்றிலும் 6,000 மீட்டருக்கு மேலே பனிச் சிகரங்கள். ஆனால் போட்டோவில் பாங்கோங் அளவுக்கு வராது. அதற்குப் பதில், 2009-ல் வந்த '3 இடியட்ஸ்' இந்திப் படத்தின் கடைசிக் காட்சியைப் பார்த்துவிட்டு வந்து மஞ்சள் ஸ்கூட்டரில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள நிற்கும் வரிசை இங்கே கிடையாது.

செலவு பெரிய விஷயமில்லை. லே டாக்ஸி யூனியன் ஊருக்கு ஊர் கட்டணம் நிர்ணயித்து வைத்திருக்கிறது, சோ மோரிரி தூரம் அதிகம் என்பதால் கொஞ்சம் கூடும். இரண்டுக்குமே வழியில் காரு என்ற ஊரில் டேங்க்கை நிரப்பிவிடுங்கள். நம் ஊர் பிரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும், அதுவும் ஏரிக்கரையில் பெயரளவுக்குத்தான்.

சரி, இனி உயரம். என்னைப் பொறுத்தவரை முடிவு செய்ய வேண்டிய ஒரே விஷயம் இதுதான்.

லே நகரம் சுமார் 3,500 மீட்டரில் இருக்கிறது. பாங்கோங் 4,250-ஐ ஒட்டி, சோ மோரிரி 4,520-க்குப் பக்கத்தில். அந்த உயரத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் 60 சதவீதத்துக்கும் கீழே. எண்ணை மட்டும் பார்த்தால் பாங்கோங்தான் பத்திரம், 300 மீட்டர் குறைவு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் ஏரி எவ்வளவு உயரம் என்பதைவிட, அங்கே எப்படி ஏறிப் போகிறோம், உடம்பு முடியாமல் போனால் எந்த வழியாக இறங்குவோம் என்பது முக்கியம் என்று அந்த 2016 இரவில்தான் புரிந்தது.

பாங்கோங் போக லேயிலிருந்து சாங் லா கணவாயைத் தாண்ட வேண்டும், சுமார் 5,360 மீட்டர். காலையில் 3,500, மதியத்துக்குள் 5,360, சாயங்காலம் 4,250. உடம்புக்கு இது படிக்கட்டு மாதிரி இல்லை, ராட்டினம் மாதிரி. நாங்கள் விமானத்தில் லேயில் இறங்கி, நடுவில் ஒரே ஒரு நாள் ஓய்வெடுத்துவிட்டு, மூன்றாம் நாளே கிளம்பிய அதிமேதாவிகள். ராத்திரி பதினோரு மணிக்கு நண்பனுக்குத் தலைவலி, அப்புறம் வாந்தி, அப்புறம் நடையே தள்ளாட ஆரம்பித்தது. கேம்ப்பில் இருந்த ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்தால் காலி. லேக்குத் திரும்பலாம் என்றால் அதே சாங் லா, அதாவது உயரத்தால் வந்த நோய்க்கு இன்னும் 1,100 மீட்டர் மேலே ஏற்றிக்கொண்டு போக வேண்டும், அதுவும் இருட்டில். நூப்ரா பள்ளத்தாக்குப் பக்கம் சுற்றி வந்தாலும் கர்துங் லா கணவாய் குறுக்கே நிற்கும், அதுவும் அதே உயரம்தான். கடைசியில் டிரைவர்தான் யோசித்துத் தாங்ட்சேவுக்குக் கொண்டு போனார், அங்கே சுகாதார நிலையம் இருக்கிறது, ஏரியைவிட 300 மீட்டர் தாழ்வு. நாற்பது கிலோமீட்டரும் பேசாமல் போனோம். விடிவதற்குள் அவன் தேறிவிட்டான். அதனால் பாங்கோங்கில் தப்பிக்க வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் பெரிய மருத்துவமனை வேண்டும் என்றால் நடுவில் அந்த மலை நிற்கிறது.

சோ மோரிரி பாதை வேறு ஜாதி. லேயிலிருந்து உப்ஷி, அங்கிருந்து சிந்து நதியை ஒட்டியே ரோடு. சுமாதாங் வரை ஏறுவதே தெரியாது, நதி எவ்வளவு மெதுவாக இறங்குகிறதோ அவ்வளவு மெதுவாக நாம் ஏறுகிறோம். சுமாதாங் சுமார் 4,000 மீட்டர், நதிக்கரையிலேயே வெந்நீர் ஊற்று கொதித்து ஆவி விடும், தங்க இடமும் கிடைக்கும். அங்கே ஓர் இரவு. மறுநாள் மாஹே பாலம், சும்தோ, ஒரு சின்னக் கணவாய், அப்புறம் கரையில் இருக்கும் ஒரே ஊரான கோர்சோக். 3,000 மீட்டருக்கு மேலே போனால் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே என்று மருத்துவர்கள் சொல்வார்களே, அதற்கென்றே போட்ட ரோடு மாதிரி இருக்கிறது. திரும்பும்போது அந்தச் சின்னக் கணவாயில் மட்டும் சில நூறு மீட்டர் ஏற்றம், அதைத் தாண்டினால் மாஹே வரை இறக்கம், பிறகு நதியோடு போக வேண்டியதுதான்.

போன வருஷம் மாமனாரையும் கூட்டிக்கொண்டு போனதால்தான் இவ்வளவு கணக்குப் போட்டேன். 61 வயது, பிபி மாத்திரை சாப்பிடுகிறவர். கிளம்பும் முன் மருத்துவரிடம் காட்டினோம், உயர நோய்க்கு முன்கூட்டியே போடும் டயமாக்ஸ் மாத்திரை விஷயத்தையும் அவரே முடிவு செய்தார். லேயில் மூன்று இரவு, சுமாதாங்கில் ஒன்று, கோர்சோக்கில் இரண்டு. மாமாவுக்கு முதல் நாள் லேசான தலைவலி, அவ்வளவுதான். ஒருவர் உடம்பு மாதிரி இன்னொருவர் உடம்பு இருக்காது, எங்களுக்குச் சரிப்பட்டதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்களுக்கு இன்னொன்றும் கிடைத்தது. சோ மோரிரி 2002 முதல் ராம்சார் ஈரநிலம், கரையில் கூடாரம் அடிக்க விடுவதில்லை, ஊருக்குள்தான் தங்க வேண்டும். அதனால் கரை பறவைகளுடையதாகவே இருக்கிறது. காலையில் சதுப்பு ஓரமாக வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டையோடு ஒரு கூட்டம் குஞ்சுகளை இழுத்துக்கொண்டு மேய்ந்தது. மாமா நாங்குநேரிக்காரர், பைனாகுலரை என்னிடம் திருப்பித் தராமலே சொன்னார்: "மாப்ள, இது நம்ம கூந்தன்குளத்துல வந்து கெடக்கிற வாத்துல்லா!" அதேதான், வரித்தலை வாத்து. குளிர்காலத்தில் நெல்லைக்கு வரும் இனம், கோடையில் இந்த மாதிரி ஏரிகளில் முட்டையிடுகிறது. அங்கே பார்த்த அதே வாத்துதான் என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் மாமா செய்தார். அதன் பிறகு அவர் ஏரியைப் பார்க்கவே இல்லை.

சோ மோரிரியின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தூரம், லேயிலிருந்து சுமார் 220 கிலோமீட்டர், போகவே ஏழு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இரவுக் குளிர் ஜூலையிலேயே எலும்பைத் தொடும். சாப்பாடு பெரும்பாலும் சோறு, பருப்பு, முட்டை. கையில் ஐந்தே நாள்தான் என்றால் சோ மோரிரியை விட்டுவிடுங்கள், அவசரமாகப் போனால் நான் சொன்ன நன்மை ஒன்றும் மிஞ்சாது. அப்படிப்பட்டவர்கள் லேயில் நன்றாகப் பழகிய பிறகு விடியற்காலையில் கிளம்பி பாங்கோங் பார்த்துவிட்டு இரவுக்குள் லேக்கே திரும்பிவிடலாம். முதுகு உடைந்துவிடும், ஆனால் அந்த உயரத்தில் தூங்க வேண்டியதில்லை. சாங் லாவில் டீக்கு மேல் நிற்காதீர்கள்.

குளிர்காலத்தில் உறைந்த ஏரி எப்படி என்று கேட்காதீர்கள், நான் இரண்டையும் ஜூலையில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். பாங்கோங்கிலும் கரையோர ஊரான ஸ்பாங்மிக்கைத் தாண்டிப் போனதில்லை, அதற்கப்பால் மேராக் பக்கம் கூட்டம் குறைவு என்று போய் வந்தவர்கள் சொல்கிறார்கள். இரண்டு ஏரிகளையும் சுஷூல் வழியாக இணைக்கும் ரோடு ஒன்று உண்டு, எல்லையை ஒட்டிய பாதை, அனுமதி நிலவரத்தை லேயில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். அதில் போவதாக இருந்தால் பாங்கோங்கை முதலிலும் சோ மோரிரியைப் பின்னாலும் வையுங்கள், சிந்து நதி வழி திரும்பி வருவதற்கு இருக்கட்டும்.