விமானத் தகடு என்று சொல்லி ₹1,38,000-க்கு நாமம் போட்டுவிட்டார்கள்

ஆய்வுக்கூட ரிப்போர்ட் இன்று மதியம் கைக்கு வந்தது. இன்னும் வயிறு எரிகிறது. தகடோ ரிவெட் ஆணியோ எந்த உலோகச் சாமானோ, ஆன்லைனில் வாங்குகிறவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள்.

நானும் என் மச்சானும் காட்பாடியில் அவருடைய ஷெட்டில் இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றைக் கட்டிவருகிறோம். இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு: மும்பையில் அமோல் யாதவ் வீட்டு மொட்டை மாடியில் கட்டிய விமானத்துக்கு 2017-ல் டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) பதிவே கொடுத்திருக்கிறது. எங்களுடையது அமெரிக்க கிட், அதாவது பாகங்களாக வாங்கி நாமே கோர்ப்பது. வால் பகுதி மட்டும் பெட்டியில் வந்தது, ரிவெட் அடித்து முடித்துவிட்டோம். ஃபியூஸ்லாஜுக்கான, அதாவது விமானத்தின் உடல் பகுதிக்கான பெரிய தகடுகளை அங்கிருந்து வரவழைத்தால் கப்பல் கூலி கட்டுப்படியாகாது. அதனால் வரைபடத்தில் இருக்கும் அதே ரகத்தை, அதாவது 2024-டி3 அல்கிளாட், 0.8 மி.மீ., இங்கேயே வாங்க முடிவு செய்தோம். இது செம்பு கலந்த அலுமினியம். துருப்பிடித்து அரிக்காமல் இருக்க இரண்டு பக்கமும் சுத்த அலுமினியம் மெல்லிய தோல் மாதிரி ஒட்டியிருக்கும். ஃபியூஸ்லாஜில் தகடு வெறும் மூடி இல்லை. உள்ளே குறுக்கே நிற்கும் பல்க்ஹெட் சட்டத்தோடும் நீளவாக்கில் ஓடும் லாஞ்சரான் கம்பியோடும் சேர்ந்து பாரத்தையே அதுதான் தாங்குகிறது.

தொழிற்சாலைச் சாமான் விற்கும் ஒரு பெரிய ஆன்லைன் தளத்தில் சென்னை வியாபாரி ஒருவர் கிடைத்தார். பெயருக்குப் பக்கத்தில் ‘சரிபார்க்கப்பட்டவர்’ என்று பச்சை முத்திரை வேறு. வீடியோ காலில் கிடங்கைக் காட்டினார். ஒரு தகட்டைத் தூக்கி, அதில் வரிசையாக மையில் அச்சடித்திருந்த ‘2024-டி3’ எழுத்தின் மேல் விரலை ஓட்டிக் காட்டினார். அப்புறம் சொன்னார்: “சார், மேல பறக்கப் போற சாமான். உயிர் விஷயம். இதுல போய் விளையாடுவேனா? எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு.” அதற்கு மேல் என்ன கேட்பது? இன்னொரு பார்ட்டி கேட்கிறார், முழுப் பணமும் போட்டால் எடுத்து வைக்கிறேன் என்றார். அன்று சாயங்காலமே ₹1,38,000 அனுப்பினோம்.

தகடு வந்தது. நீல பிளாஸ்டிக்கை உரித்தால் ஒரு எழுத்துகூட இல்லை. கேட்டதற்கு, “பாலிஷ் போட்டோம் சார், அதுல அழிஞ்சிருக்கும்” என்றார். கூடவே சீல் குத்திய சர்டிபிகேட் இருந்ததால் வேலையை ஆரம்பித்தோம். பல்க்ஹெட் ஓரத்தை மடக்கும்போதுதான் மச்சான் நிறுத்தினார். 2024-டி3 மடக்கினால் கொஞ்சம் திமிறித் திரும்பும், கூர்மையாக மடித்தால் விரிசல் விடும். இதுவோ காகிதம் போல இரண்டாக மடிந்து அப்படியே கிடந்தது, மடிப்பில் ஒரு கீறல்கூட இல்லை.

காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, வால் பகுதியில் மிஞ்சிய துண்டின் வெட்டிய ஓரத்தில் விட்டோம். மேலும் கீழும் வெள்ளையாகவே இருக்க, நடுவில் கரிக்கோடு விழுந்தது. செம்பு இருந்தால் அப்படித்தான் கறுக்கும். புதுத் தகட்டின் ஓரத்திலும் விட்டோம். நுரைத்தது, கடைசி வரை வெள்ளையாகவே இருந்தது. மச்சான் ஒன்றும் பேசாமல் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டார்.

ராணிப்பேட்டை ஆய்வுக்கூடத்தில் கொடுத்துச் சோதித்ததில், 4 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய செம்பு பெயருக்குத்தான் இருக்கிறது. 1100 ரகம், கிட்டத்தட்ட சுத்த அலுமினியம். போர்டு அடிக்கவும் பாத்திரம் செய்யவும் போகிற சாமான். கடையில் கிடைக்கும் அரைக் கடின 1100 தகட்டின் இழுவிசை வலிமை (இழுத்தால் அறாமல் தாங்கும் அளவு), 2024-டி3-யில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. எடை ஏறக்குறைய ஒன்றுதான், தராசில் வைத்தாலும் தெரியாது. இதைப் போட்டுப் பறந்திருந்தால்? நினைக்கவே கை நடுங்குகிறது.

வியாபாரி முதலில், “லேப்காரன் தப்பா சொல்றான்” என்றார். அப்புறம், “பில்லுல அலுமினியம் ஷீட்னுதானே சார் இருக்கு” என்றார். அப்புறம் போனே எடுப்பதில்லை. தளத்தின் வாடிக்கையாளர் சேவையோ, “நாங்கள் இருவரையும் அறிமுகம் செய்வதோடு சரி” என்று கைவிரித்துவிட்டது. அந்தப் பச்சை முத்திரை எதற்கு என்று கேட்டேன். ஜிஎஸ்டி எண்ணைச் சரிபார்த்ததற்காம்! சாமானுக்கு இல்லையாம். திரும்பவும் எழுதினால், திருப்பித்தரும் கெடு முடிந்துவிட்டது என்று புகாரையே மூடிவிட்டார்கள். ₹1,38,000, இரண்டு குடும்பம் சேர்த்து வைத்த காசு.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது நிதானம் இல்லை. மை எழுத்து இல்லாத தகட்டை இறக்கவே விடாதீர்கள். சர்டிபிகேட்டில் இருக்கும் ஹீட் நம்பரை (எந்த உருக்கில் வந்தது என்ற எண்) தகட்டைச் செய்த மில்லுக்கே அனுப்பிக் கேளுங்கள். முழுப் பணம் முன்னால் கொடுக்காதீர்கள், ஒரு துண்டு வாங்கிச் சோதித்த பிறகு மீதி. ஏடி ரிவெட் (விமானத்துக்குப் போடும் ஒரு கலப்பு அலுமினிய ரகம்) என்றால் தலை நடுவில் சின்னக் குழி இருக்கும், இல்லையென்றால் அது ஏடி இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்துவிட்டேன். அடுத்து வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் இதே மாதிரி சிக்கியவர்கள் இருந்தால் பில்லோடு தொடர்புகொள்ளுங்கள், சேர்ந்தே போடுவோம்.