"நானே ஓட்டிக் காட்டுறேன் தம்பி": முதல் பைக் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பழைய பைக் விற்கும் ஒரு கடையில் என் முதல் வண்டியை வாங்கினேன். அது எங்கோ பலமாக மோதி, மேலே மட்டும் சரிசெய்து பாலிஷ் போட்ட வண்டி என்பது பிறகுதான் தெரிந்தது. கூடவே இலவசம் என்று சொல்லி ஓட்டும் பயிற்சியும் கொடுத்தார்கள். இரண்டில் எது அதிக ஆபத்தானது என்று கேட்டால் பயிற்சியைத்தான் சொல்வேன். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. இதே மாதிரிக் கடைகள் எங்கும் உண்டு, பெயர் வேறாக இருந்தாலும் பேச்சு ஒன்றுதான். அந்தப் பேச்சைக் கேட்டதும் உங்களுக்கு அடையாளம் தெரிந்தால் போதும்.

கடைக்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, "முன்னாடி பைக் ஓட்டிப் பழக்கம் உண்டா தம்பி?" இல்லை என்றேன். முகமெல்லாம் சிரிப்பு. "அதனால என்ன, நானே ஓட்டிக் காட்டுறேன், பின்னாடி உட்காருங்க" என்றார். ஒரு சுற்று சுற்றி வந்தோம். வண்டி சீராகத்தான் போனது. ஆனால் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்? ஹாண்டில் ஒரு பக்கம் இழுக்கிறதா, பிரேக் பிடித்தால் முன்பக்கம் துடிக்கிறதா, கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதெல்லாம் ஓட்டுகிறவரின் கைக்கு மட்டும்தான் தெரியும். அதை மறைக்கத்தான் அந்தச் சவாரி.

இன்னொன்று, நான் போனபோதே இன்ஜின் சூடாக இருந்தது. "இப்பதான் ஒருத்தர் பார்த்துட்டுப் போனார்" என்றார். சூடான இன்ஜின் ஒரே உதையில் கிளம்பும், சத்தமும் குறைவாக இருக்கும். பல மணி நேரம் நின்று குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்தால்தான் கிளம்ப அடம்பிடிக்கிறதா, நீலப்புகை வருகிறதா, உள்ளே செயின் கடகடவென்று சத்தம் போடுகிறதா என்பது தெரியும். பழைய வண்டி பார்க்கப் போனால் சாவியைக் கேட்கும் முன் இன்ஜின் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால், "சரி, நாளைக்குக் காலையில வரேன், அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கு அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

நான் கேட்டுப் போனது 125 அல்லது 150 சிசி வண்டி. "அதெல்லாம் ஆறே மாசத்துல சலிச்சுடும் தம்பி, ஒரேயடியா பெருசா வாங்கிடுங்க, திரும்பத் திரும்ப மாத்துற செலவு மிச்சம்" என்றார். முதல் பைக் வாங்கப் போகும் எல்லோரும் கேட்கும் வசனம் இது. ஐரோப்பிய நாடுகளில் இளைஞர்களுக்கான லைசென்ஸே படிப்படியாகத்தான் கிடைக்கும். முதலில் 125 சிசி, இன்ஜின் சக்தி 11 கிலோவாட் வரை. அடுத்த படியில் 35 கிலோவாட் வரை. சலிக்குமே என்று யாரும் அந்தப் படிகளை எடுத்துவிடவில்லை.

எனக்குக் காட்டிய வண்டியின் அட்டையில் எடை குறைவாகத்தான் போட்டிருந்தது. அது உலர் எடை, அதாவது பெட்ரோலையும் ஆயிலையும் சேர்க்காத எடை. பெட்ரோல் மட்டுமே லிட்டருக்கு முக்கால் கிலோ வரும். 12 லிட்டர் டேங்க் நிரம்பினால் 9 கிலோ, அதுவும் வண்டியின் மேல்பகுதியில். உட்கார்ந்து பார்க்கச் சொன்னார், ஆனால் வண்டி சைடு ஸ்டாண்டிலேயே நின்றது. சாய்ந்து நிற்கும் வண்டியில் இடது கால் யாருக்குமே தாராளமாக எட்டும்! ஸ்டாண்டை எடுத்து வண்டியை நேராக நிறுத்தி, நீங்கள் ஓட்டும்போது போடப்போகும் அதே ஷூவுடன் உட்கார்ந்து, இரண்டு பாதங்களும் எவ்வளவு ஊன்றுகின்றன என்று பாருங்கள். அப்புறம் இறங்கி, வண்டியைப் பின்னால் தள்ளி ஒரு வளைவு எடுத்துப் பாருங்கள். சீட் உயரம் இத்தனை மில்லிமீட்டர் என்ற எண்ணை மட்டும் நம்பாதீர்கள். சீட் அகலமாக இருந்தால் தொடை விரிந்து, அதே உயரத்திலும் கால் எட்டாமல் போகும்.

சரி, இனி பயிற்சிக்கு வருகிறேன்.

மாஸ்டர் நல்ல மனிதர், கடையில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். காலியான ஒரு மைதானத்துக்குக் கூட்டிப்போனார். பின்னால் உட்கார்ந்துகொண்டு என் தோளுக்கு மேல் கையை நீட்டி ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டார். வண்டியை அவர்தான் ஓட்டினார், நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் சொன்ன முதல் பாடம்: "முன் பிரேக்கைத் தொடவே தொடாதீங்க தம்பி, தூக்கி அடிச்சிடும். கால் பிரேக் போதும்."

இந்த ஒரு வாக்கியம் எத்தனை பேரைப் படுக்க வைத்திருக்கும் என்று யோசித்தால் இப்போதும் கோபம் வருகிறது. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரமும் உங்கள் பாரமும் முன்சக்கரத்தை நோக்கிச் சாய்கின்றன. முன்டயர் தரையில் அழுந்துகிறது, அதன் பிடிப்பு கூடுகிறது. பின்டயர் லேசாகிறது, அதன் பிடிப்பு குறைகிறது. ஆகவே வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. பின் பிரேக்கை மட்டும் ஓங்கி மிதித்தால் சக்கரம் சுற்றாமல் நின்று தேய்த்துக்கொண்டே வழுக்கும், வண்டியின் வால் பக்கவாட்டில் போகும், வேகமோ பெரிதாகக் குறையாது. போதாக்குறைக்கு, வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்தபின் நிற்கத் தேவையான தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். கால் பிரேக்கை மட்டும் நம்பியவருக்கு அந்தத் தூரம் எங்கிருந்து கிடைக்கும்?

மாஸ்டர் பயந்ததிலும் துளி உண்மை இருக்கிறது. ஹாண்டில் திரும்பியிருக்கும்போது, மெதுவாக வளையும்போது, மணலோ ஈரமோ இருக்கும் இடத்தில் முன் பிரேக்கைச் சட்டென்று கவ்வினால் விழத்தான் செய்வோம். அதற்கு வழி பிரேக்கைத் தொடாமல் இருப்பதா? நெம்புகோலை வெடுக்கென்று பிடிக்காமல், முதலில் லேசாக அழுத்தி, முன்பக்கம் அமுங்கியதும் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகப் பழக வேண்டும். எலுமிச்சையைப் பிழிகிற மாதிரி. இதற்கு நேரம் கொடுத்து, நேர்கோட்டில், குறைந்த வேகத்தில் தொடங்கித் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஏபிஎஸ் இருக்கும் வண்டியென்றால் புதியவருக்கு அது பெரிய துணை. சக்கரம் பூட்டிக்கொள்வதை அது தடுக்கும். ஆனாலும் பிழியும் பழக்கம் தேவையில்லை என்று ஆகிவிடாது.

தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் குழு லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. விபத்துக்குத் தப்பிக்கக் கிடைத்த நேரம் பெரும்பாலும் 2 நொடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் பலர் செய்தது, பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்து வழுக்கியதும் முன் பிரேக்கைப் போதுமான அளவு பயன்படுத்தாததும்தான். விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தானாகவோ வீட்டார், நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள். பாதிக்கும் மேற்பட்டோர் அந்த வண்டியை ஓட்டத் தொடங்கி 5 மாதம்கூட ஆகாதவர்கள். 40 ஆண்டுகளுக்கு மேலாகக் கையில் இருக்கும் உண்மை இது, மாஸ்டரோ இன்னும் "தொடவே தொடாதீங்க" என்கிறார்.

கற்றுத்தராமல் விட்டதையும் சொல்ல வேண்டும். கிளட்சைப் பாதி விட்ட நிலையில் வண்டியை நடை வேகத்தில் நகர்த்துவது, அந்த வேகத்தில் பின் பிரேக்கால் வண்டியை நிதானப்படுத்துவது, வளைவில் தலையைத் திருப்பிப் போகவேண்டிய இடத்தைப் பார்ப்பது, குறுக்கே ஏதாவது வந்தால் விலகுவது, எதுவுமே இல்லை. ஓரளவு வேகத்தில் வலப்பக்கம் சாய வேண்டுமானால் வலது கைப்பிடியை முன்னால் அழுத்த வேண்டும். கேட்க விசித்திரமாக இருந்தாலும் எல்லா பைக்கும் அப்படித்தான் திரும்புகிறது. ஹர்ட் அறிக்கை, விபத்தில் சிக்கியவர்களிடம் இந்தத் திறமை ஏறக்குறைய இல்லவே இல்லை என்கிறது. எங்கள் மைதானத்தில் நடந்ததோ எட்டு போடுவது மட்டும். தேர்வில் கேட்பது அதுதானே.

பயிற்சிக்குக் கொடுத்த ஹெல்மெட் என் தலையில் தனியாகச் சுற்றியது. பட்டையை மாட்டியபின் பின்பக்கத்தைப் பிடித்து முன்னால் உருட்டிப் பார்த்தேன், கழன்று கையோடு வந்துவிட்டது. உங்களுக்குக் கொடுப்பதையும் இப்படிச் செய்து பாருங்கள். தலையோடு சேர்ந்து அசையாமல் தனியாகச் சுற்றும் ஹெல்மெட் விபத்தில் தலையில் இருக்காது. உள்ளே கெட்டியான தெர்மாகோல் அடுக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். அடியை வாங்கிக்கொள்வது அதுதான், வெறும் பஞ்சு இல்லை.

இப்போது எனக்கு மிகவும் எரிச்சலான பகுதி. வண்டி இடப்பக்கம் இழுத்தது. மாஸ்டரிடம் சொன்னேன். "புதுசுல அப்படித்தான் இருக்கும், கை பழகலை, தோளை இறுக்கிப் பிடிக்கிறீங்க" என்றார். கடைக்காரரும் அதையே சொன்னார். வண்டி நேராக வரும்போது ஹாண்டில் சற்றே கோணலாக நின்றது. "பார்வை அப்படித் தெரியும்." மெதுவாகப் போகையில் ஹாண்டில் நடுவில் ஒரு இடத்தில் சிக்குகிற மாதிரி இருந்தது. "பழகிடும்." புதிதாக ஓட்டுபவர் வண்டியின் கோளாறைத் தன் கோளாறாகவே நினைத்துக்கொள்வார் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இந்த வியாபாரமே அதை நம்பித்தான் ஓடுகிறது.

வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அந்த அண்ணன் வண்டியை ஸ்டார்ட் செய்யவே இல்லை. முதலில் கைப்பிடி ரப்பர்களைத் தொட்டுப் பார்த்தார். இரண்டும் புத்தம் புதுசு. பிரேக், கிளட்ச் நெம்புகோல்களும் புதுசு. கால் வைக்கும் இடத்து ரப்பரோ தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. "இத்தனை கிலோமீட்டர் தேய்ஞ்ச வண்டியில கையில இருக்குறது மட்டும் ஏன் புதுசு?" என்று கேட்டுவிட்டு, டார்ச் அடித்து ஹாண்டிலுக்குக் கீழே காட்டினார். ஹாண்டில் ஒரு எல்லைக்கு மேல் திரும்பாமல் இருக்க ஃபிரேமில் சின்ன உலோக முட்டு ஒன்று இருக்கும். அது ஒரு பக்கம் நசுங்கி, மேலே கறுப்பு பெயின்ட் பூசியிருந்தது. பலமாக மோதியோ விழுந்தோ ஹாண்டில் முழுவேகத்தில் திரும்பினால்தான் அது அப்படி நசுங்கும். பாலிஷ் போடுகிறவர்கள் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, விரல் நுனியால் ஹாண்டிலை மெல்லத் திருப்பினார். நடுவில் டக்கென்று ஒரு பள்ளத்தில் விழுந்தது. ஹாண்டில் திரும்புவதற்கான பேரிங் போய்விட்டது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயைத் துணியால் துடைத்து, ஹாண்டிலை அமுக்கி எடுத்தபோது எண்ணெய் வளையம் ஒன்று படிந்தது, அதாவது உள்ளிருந்து எண்ணெய் கசிகிறது. குழாய்களில் ஒன்று வளைந்திருந்ததும் அப்புறம் தெரிந்தது.

டயரைப் பார்த்துச் சிரித்தார். பட்டன் ஆழமாக இருந்தது, கறுகறுவென்று மின்னியது. பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. சில டயர்களில் ஒரு பக்கம் மட்டும்தான் அது இருக்கும், குனிந்து மறுபக்கமும் பாருங்கள். என் டயர்கள் பத்து வயதைத் தாண்டியவை. ரப்பர் கெட்டித்து நகம் பதியவில்லை. அந்த மினுமினுப்பு டயர் பாலிஷ். காருக்குப் பரவாயில்லை, சாய்ந்து திரும்பும் பைக்கில் அது தரையில் படும் இடத்துக்கு வந்தால் வழுக்கும்.

கடையில் போய்க் கேட்டேன். எதிர்பார்த்த பதில்தான் வந்தது: "புதுசா ஓட்டுறீங்க, எங்கேயாவது விட்டிருப்பீங்க தம்பி." புதியவர் என்பதைக் காட்டித்தான் விற்றார்கள், அதையே காட்டித்தான் கைகழுவினார்கள். அந்த வாயை அடைக்க ஒரே வழி காகிதம். மெக்கானிக் அண்ணனிடம் தேதியும் கிலோமீட்டரும் போட்டு, கோளாறுகளை வரிசையாக எழுதி கையெழுத்து வாங்கினேன், புகைப்படங்களும் சேர்த்தேன். பழைய பெயின்ட்டின் அடியில் இருக்கும் நசுங்கல் நேற்று நடந்ததாக இருக்க முடியாது, பத்து வயது டயர் நான் மாட்டியதாக இருக்க முடியாது.

நீங்கள் போகிறீர்கள் என்றால் வாங்கும் முன்பே அந்தக் காகிதத்தை எழுதவையுங்கள். வேறு வண்டியில் முறையாக ஓட்டக் கற்றுக்கொண்டு, அப்புறம் உங்கள் வண்டியைத் தேடுங்கள். அதற்குப் பொறுமை இல்லையென்றால் பல ஆண்டு ஓட்டிய ஒருவரைக் கூட்டிப்போய் அவரை ஓட்டச் சொல்லுங்கள், கடைக்காரரை இல்லை. ஃபிரேமில் பொறித்த எண்ணையும் வண்டியின் பதிவுப் பத்திரத்தில் உள்ள எண்ணையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். "விபத்தில் சிக்காத வண்டி" என்று வாயால் சொல்வதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அதுவே பதில்.

டயர் இரண்டையும் கடை மாற்றித் தந்தது. ஃபோர்க்குக்கும் பேரிங்குக்கும் பொறுப்பேற்க மறுக்கிறார்கள், அதனால் நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன். வண்டி மெக்கானிக் கடையில் நிற்கிறது. நான் 125 சிசி வண்டி ஒன்றில், முன் பிரேக்கை முதல் நாளே பிழியச் சொன்ன வேறொரு பயிற்சியாளரிடம் படித்துக்கொண்டிருக்கிறேன். புகாருக்கு முடிவு வந்தால் இங்கேயே சேர்க்கிறேன்.