ஆறு வாரம் தமிழ்நாடு, பிள்ளைகளோடு: ஒரே வீடா, ஊர் ஊராகவா?

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து நீண்ட விடுமுறைக்குத் தமிழ்நாடு போகிறவர்கள் முன்னால் இரண்டு வழி இருக்கிறது. திருச்சியில் ஒரு வீடு பிடித்து அங்கிருந்து போய்வரலாம். அல்லது சென்னை, கும்பகோணம், மதுரை, நாகர்கோவில் என்று ஐந்து நாளுக்கு ஒருமுறை பெட்டி கட்டலாம். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் திருச்சி வீடே மேல்.

விசா இரண்டுக்கும் ஒன்றுதான். ஆறு வாரம் என்றால் 42 நாள். 30 நாள் இ-விசா காணாது, ஓராண்டு விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கைக்குழந்தைக்கும் தனி விண்ணப்பம். கடவுச்சீட்டில் குறைந்தது ஆறு மாத காலம் மீதி இருக்க வேண்டும். பிள்ளைக்கு மூன்றாண்டுக் கடவுச்சீட்டு எடுத்திருந்தால் முதலில் அந்தத் திகதியைப் பாருங்கள். பயணத்தின் நடுவில் குழந்தைக்கு இரண்டு வயது நிறைந்தால், திரும்பும்போது மடியில் வைத்துக் கொண்டுவர முடியாது, தனி இருக்கை வாங்க வேண்டும்.

வீடு பிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அதை இணையத்தில் பதிய வேண்டும், 'சி-ஃபார்ம்' என்பார்கள். ஹோட்டல்காரர் கேட்காமலே செய்துவிடுவார். தனி வீட்டுக்காரர் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இலங்கைக் கடவுச்சீட்டு என்றதும் தயங்குகிறவர்களும் உண்டு. முற்பணம் அனுப்பும் முன் "சி-ஃபார்ம் போடுவீங்களா?" என்று கேளுங்கள், பதில் இழுத்தால் சமையலறையுள்ள சேர்விஸ் அபார்ட்மெண்டுக்குப் போய்விடுங்கள். வாடகை கூடினாலும் தலையிடி குறைவு.

திருச்சியைச் சொல்வதற்குத் தூரம்தான் காரணம். தஞ்சாவூர் 60 கிலோமீற்றருக்குள், மதுரை 135 அளவில். காலையில் போய் இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பலாம். கொழும்பிலிருந்து நேரடி விமானமும் இருக்கிறது, ஒரு மணி நேரப் பறப்பு. சென்னையில் வீடு பிடித்தால் பாதி நாள் வீதியில் போய்விடும்.

ஊர் ஊராகப் போகிறவர்களைக் கவிழ்ப்பது ரயில். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது; நல்ல வண்டிகள் சீக்கிரம் நிறைந்துவிடும். கடைசி நேரத் தட்கல் சீட்டை இணையத்தில் எடுக்க 2025 ஜூலை முதல் ஆதார் (இந்தியாவின் அடையாள எண்) சரிபார்ப்பு வேண்டும், ஆகவே நமக்கு அந்த வாசல் பூட்டு. ஐந்து வயதுக்குட்பட்டவருக்குக் கட்டணமில்லை, படுக்கையுமில்லை. ஐந்து முதல் பதினொன்று வரை படுக்கை கேட்டால் முழுக் கட்டணம். அரைக் கட்டணம் என்றால் பிள்ளை அம்மாவின் படுக்கையில்தான். ஏழு வயதுப் பிள்ளையோடு இரவுப் பயணத்தில் இந்தச் சிக்கனம் வேண்டாம்.

காய்ச்சல் வந்தால்தான் வீட்டின் அருமை தெரியும். கஞ்சி வைக்க அடுப்பு, முதல் நாள் பார்த்த அதே டொக்டர். ஹோட்டல் அறையில் இரண்டும் இல்லை. எங்கே தங்கினாலும் மருந்துப் போத்தலைத் திருப்பிப் படியுங்கள். நம்மூர்ப் பனடோல் பாணியில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் பரசிட்டமோல். அங்கே கடையில் அதே 5 மில்லிலீற்றருக்கு 250 மில்லிகிராம் உள்ள போத்தலும் கிடைக்கும். 14 கிலோப் பிள்ளைக்கு 7.5 மில்லிலீற்றர் ஊற்றிக் கை பழகியிருந்தால், இங்கே அது 180 மில்லிகிராம், அங்கே 375: இரட்டிப்பு. வயிற்றோட்டத்துக்கும் அப்படித்தான். ஜீவனி (நம்மூர் உப்பு-சீனிக் கரைசல் தூள்) பக்கற் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீருக்கு. அங்கே ஒரு லீற்றர்ப் பக்கற்றும் உண்டு, 200 மில்லிலீற்றர்ப் பக்கற்றும் உண்டு. பெரியதை ஒரு கிளாஸ் தண்ணீரில் கரைத்தால் உப்பு ஐந்து மடங்கு. வயிற்றோட்டம் இன்னும் மோசமாகும்.

ஒன்று மட்டும்: வங்கி ஓடிபி கொழும்பு இலக்கத்துக்குத்தான் வரும். புறப்படும் முன்னரே ரோமிங் போட்டுவிடுங்கள்.

பிள்ளைகள் பதின்மூன்றைத் தாண்டியிருந்தால் ஊர் ஊராகப் போவதே சுவை. ஒரே வீட்டில் மூன்றாம் வாரமே போனும் கையுமாகக் குந்திவிடுவார்கள். அப்படியானால் சென்னையில் இறங்கித் தெற்கே போங்கள், திரும்பும் விமானத்தை மதுரையிலிருந்து எடுங்கள். நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு 700 கிலோமீற்றர் பின்னோக்கி வரும் வேலை மிச்சம்.