இஎல்84 வால்வு ஆம்ப்ளிஃபையர் கிட்: இரும்பு தங்கம், கிரவுண்டிங் சுமார்

இரும்புக்கு, அதாவது டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு, முழு மதிப்பெண். ஒன்றின் காந்தப்புலம் மற்றதில் ஹம் ஏற்றாமல் இருக்க, பவரும் அவுட்புட்டும் ஒன்றுக்கொன்று 90 டிகிரி திரும்பியிருக்கும்படி துளை போட்டிருக்கிறார்கள். கோட்டை விட்டது கிரவுண்டிங்கில்தான், அதாவது பொதுப் பூஜ்ய வோல்ட் கம்பிகளை இணைக்கும் முறையில்.

கையேட்டின்படியே கட்டினால் ஸ்பீக்கரில் 'ர்ர்ர்' என்று கரகரக்கும். மின்சப்ளையைச் சீராக்கும் முதல் ஃபில்டர் கெபாசிட்டரை நிரப்பும் மின்துடிப்புகள் இன்புட் கிரவுண்ட் கம்பி வழியாகவே திரும்புகின்றன. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் இந்தச் சத்தம் 100 ஹெர்ட்ஸ். பவர் டிரான்ஸ்ஃபார்மரின் உயர் வோல்டேஜ் வைண்டிங்கின் (சுருளின்) நடுவிலிருந்து வரும் சென்டர் டேப் கம்பியை அந்தக் கெபாசிட்டரின் மைனஸ் காலிலேயே பற்றவையுங்கள். அங்கிருந்து ஒரே ஒரு கம்பி, எல்லா கிரவுண்ட் கம்பிகளும் கூடும் ஸ்டார் புள்ளிக்கு. இன்புட் கேபிளைச் செருகும் ஆர்சிஏ சாக்கெட், உலோகப் பெட்டியான சேஸிஸைத் தொடக்கூடாது. அதற்கான பிளாஸ்டிக் வாஷரைக்கூடக் கிட்டில் வைக்கவில்லை, கஞ்சத்தனம்!

அதற்குப் பிறகும் அடங்கிய 50 ஹெர்ட்ஸ் உறுமல் மிஞ்சினால் வால்வைச் சூடாக்கும் ஹீட்டரைப் பாருங்கள். 6.3 வோல்ட் கம்பிகளை நெருக்கமாக முறுக்கி, சேஸிஸ் மூலையோரம் கொண்டுபோங்கள். இந்த ஹீட்டர் வைண்டிங்கில் சென்டர் டேப் கிடையாது. ஆகவே இரு முனைகளிலிருந்தும் ஆளுக்கொரு 100 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் கிரவுண்டுக்கு.

ஹம் வந்தால் எர்த்தைக் கழற்றச் சொல்லும் கையேட்டுப் பக்கத்தைக் கிழித்துப் போடுங்கள். உள்ளே 300 வோல்ட் ஓடுகிறது; எர்த் கம்பி சேஸிஸில் தனி போல்ட்டில் இறுகியே இருக்க வேண்டும்.