38 ஜிபி ஜிசிப் ஃபைலும் ஸ்பிளிட் கட்டளையும்

மாதம் ஒருமுறை எங்களுக்கு 38 ஜிபி லாக் ஒரே ஃபைலாக வரும், ஜிசிப்பில் சுருக்கியது. வேலையைப் பல மெஷின்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற ஸ்பார்க்கை, பத்து மெஷின் உள்ள க்ளஸ்டரில் வைத்திருக்கிறோம். அதில் இந்த ஃபைலைப் போட்டால் திரையில் 0/1 என்று நிற்கும். ஒரே டாஸ்க். ஒரு கோர் மட்டும் மூச்சுப் பிடித்து ஓட, மீதியெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கும், மூன்று மணி நேரம் இப்படியே போகும். மெஷினைக் கூட்டிப் பார்த்தோம், ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. எப்படிக் குறையும்? ஜிசிப் விரியும்போது தனக்கு முந்தைய 32 கேபி வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே போகும், அதனால் நடுவில் நுழைந்து படிக்க முடியாது. ஃபைல்களைப் பல மெஷின்களில் பிரித்துச் சேமிக்கிற ஹடூப் அந்த ஃபைலை 128 எம்பி பிளாக்குகளாக வெட்டி வைத்திருந்தாலும் முதலிலிருந்து ஒரே ஆள்தான் படித்தாக வேண்டும்.

இதே சிக்கலில் இருப்பவர்களுக்கு நான் மனதாரச் சொல்வது, ஃபைலைத் துண்டு துண்டாக வெட்ட லினக்ஸிலேயே இருக்கிற ஸ்பிளிட் கட்டளையை எடுங்கள். அதில் ஃபில்டர் என்று ஒரு ஆப்ஷன் உண்டு. ஜிசிப்பை விரித்து, வருவதை டிஸ்க்கில் எழுதாமல் பைப் வழியாக நேராக ஸ்பிளிட்டுக்குக் கொடுத்தால், அது வெட்டுகிற ஒவ்வொரு துண்டும் ஃபில்டரில் நாம் சொன்ன கட்டளைக்குப் போகும், அங்கேயே மறுபடி சுருக்கி எழுதிவிடலாம். விரித்த 270 ஜிபியும் டிஸ்க்கில் இறங்கவே இறங்காது! எங்கள் சர்வரில் அவ்வளவு இடம் கிடையாது, இந்த ஒன்றுக்காகவே ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன்.

துண்டுக்கு 1 ஜிபி என்று வைத்தேன். சுருங்கிய பிறகு ஒவ்வொன்றும் 140 எம்பி சுமாருக்கு, 270 சொச்சம் ஃபைல்கள். வெட்ட முக்கால் மணி நேரம் ஆனது, அப்புறம் ஸ்பார்க் வேலை 12 நிமிடத்தில் முடிந்தது. ஃபில்டர் ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்த துண்டு தொடங்கும் என்பதால், அதற்குள் சாதா ஜிசிப்பைப் போடாமல் எல்லா கோரையும் பயன்படுத்தி ஜிசிப்பாகவே சுருக்குகிற பிக்ஸீயை (pigz) போடுங்கள்.

அளவு சொல்லும்போது பைட்ஸ் ஆப்ஷனைத் தொடாதீர்கள், வரியின் நடுவிலேயே வெட்டிவிடும். வரி முடிகிற இடத்தில் வெட்டுகிற லைன்-பைட்ஸ்தான் சரி. ஃபில்டர் கட்டளையை ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள். இரட்டை மேற்கோள் போட்டால், துண்டின் பெயரைத் தருகிற $FILE-ஐ ஸ்பிளிட் பார்க்கும் முன்பே ஷெல் வெறுமையாக மாற்றிவிடும்; அப்படிப் போட்டு ஒரு முறை துண்டுகள் எல்லாம் ஒரே பெயரில் ஒன்றின்மேல் ஒன்று எழுதப்பட்டு முழு வேலையும் வீணாய்ப்போனது.

சுருக்க இன்னொரு முறையான பிசிப்2 இருக்கிறதே என்பீர்கள். உண்மைதான், அதில் 900 கேபி வரையான ஒவ்வொரு பிளாக்கும் 314159265359 என்ற பை எண்ணின் இலக்கங்களோடு தொடங்கும், அந்த அடையாளத்தைத் தேடிப் பிடித்து ஹடூப் எங்கிருந்து வேண்டுமானாலும் படிக்கும். ஆனால் விரிக்க ஜிசிப்பைவிட ரொம்ப நேரம் எடுக்கும், தினமும் படிக்கிற டேட்டாவுக்கு எனக்கு ஒத்துவரவில்லை.

சிஎஸ்வி ஃபைல், அதாவது காற்புள்ளியால் பிரித்த அட்டவணை, என்றால் மட்டும் கவனம். தலைப்பு வரி முதல் துண்டில்தான் இருக்கும், அதை முன்கூட்டியே தனியாக எடுத்துவிடுங்கள். மேற்கோளுக்குள் வரி முறிகிற கமெண்ட் மாதிரிப் பகுதிகள் இருந்தால் ஸ்பிளிட்டுக்கு அது தெரியாது, அங்கே வெட்டினால் இரண்டு துண்டிலும் ஒரு பதிவு கெடும். அந்த மாதிரி ஃபைல்களுக்கு நான் பைத்தானின் சிஎஸ்வி ரீடரில் படித்துத்தான் பிரிக்கிறேன்.