கத்தியா, உளியா? வேலூரில் மரச்செதுக்குக் குழு தொடங்க நினைப்பவர்களுக்கு

மரத்தில் செதுக்கிப் பழக ஆசைப்படும் நாலைந்து பேர் சேர்ந்தால், முதலில் கிளம்பும் கேள்வி "எங்கே உட்காரலாம்?" என்பது. அதற்கும் முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கத்தியால் செதுக்கும் குழுவா, உளியால் செதுக்கும் குழுவா? இது முடிவானால் இடம், சொல்லிக்கொடுக்க ஆள், மரம், செலவு எல்லாம் அதன் பின்னாலேயே வந்துவிடும்.

கத்தி வேலை என்றால் ஒரு கையில் கட்டை, மறு கையில் விரல் நீள அலகுள்ள கத்தி. கரண்டி, குருவி, குட்டி யானை எல்லாம் இப்படித்தான் செய்கிறார்கள். யூடியூபில் நாம் பார்த்து மயங்கும் வெளிநாட்டு வீடியோக்களில் பாதிக்கு மேல் இந்த ரகம். உளி வேலையில் பலகையை மேசையோடு இறுக்கி வைத்து, உளியைக் கொட்டாப்புளியால், அதாவது மரச் சுத்தியலால், தட்டித் தட்டி, பூவையும் கொடியையும் புடைப்பாக எடுப்பார்கள். நம் ஊர் நிலைக்கதவிலும் தேரிலும் இருப்பது இது.

வசதி என்று பார்த்தால் கத்தி எளிதாக ஜெயிக்கும். மேசை வேண்டாம், சத்தம் கிடையாது. சத்துவாச்சாரியில் வாடகை வீட்டு பால்கனியில் உட்கார்ந்து செதுக்கினால் கீழ்வீட்டுக்காரருக்குத் தெரியவே தெரியாது. அதே வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆறு பேர் கொட்டாப்புளியோடு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பொது இடம் என்றால் கதை மாறும். கோட்டைப் புல்வெளியில் பத்துப் பேர் கத்தியும் கையுமாக வட்டம் போட்டு உட்கார்ந்தால், கரண்டி செய்கிறோம் என்பதைப் போலீஸ்காரருக்கு விளக்குவதிலேயே சாயங்காலம் போய்விடும்.

காயம் பற்றிப் பலருக்கும் எண்ணம் தலைகீழாக இருக்கிறது. உளி பெரிது, கத்தி சின்னது, ஆகவே கத்திதான் ஆபத்தில்லாதது என்று நினைக்கிறார்கள். கத்தி வேலையில் கட்டையைப் பிடித்திருக்கும் இடது கை எப்போதும் அலகின் பாதையிலேயே இருக்கிறது. வழுக்கினால் கட்டைவிரலின் அடியில் இறங்கும். உளி வேலையில் பலகையை கிளாம்ப், அதாவது மேசையோடு இறுக்கும் பிடி, பிடித்துக்கொள்கிறது. இரண்டு கையும் உளி முனைக்குப் பின்னால் இருக்கின்றன. பலகையை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு மறு கையால் உளியைத் தள்ளுகிறவருக்குத்தான் ஆபத்து. ஆகவே புதியவர்கள் நிறைய வரும் குழுவுக்கு, கிளாம்ப் போட்ட உளிதான் கத்தியைவிடப் பத்திரம் என்பேன். கத்தி என்று முடிவெடுத்தால் இடது கைக்கு வெட்டுத் தாங்கும் கையுறை கட்டாயம். அதில் சமரசம் கூடாது.

கருவிக்கு வருவோம். செதுக்குக் கத்தியை நம் ஊர் ஹார்டுவேர் கடையில் கேட்டால் பேப்பர் வெட்டும் கத்தியை எடுத்து நீட்டுவார்கள். ஆன்லைனில்தான் வாங்க வேண்டும், அலகு எப்படி இருக்கிறது என்று தொட்டுப் பார்க்கவும் முடியாது. உளி அப்படியில்லை. இரண்டு நூல், நாலு நூல், ஆறு நூல் (எட்டு நூல் ஒரு அங்குலம்) பட்டை உளிகள் எந்தக் கடையிலும் கிடைக்கும். குழிவான முனை உள்ளவை வேண்டுமானால் இரும்புப் பட்டறையில் சொல்லி, பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அடித்து வாங்கலாம். இதே பட்டையில் கொடுவாள் அடிக்கிறவர்களுக்கு உளி பெரிய விஷயமில்லை. தோய்ச்சல், அதாவது காய்ச்சிய இரும்பை நனைத்துக் கடினமாக்குவது, மட்டும் சரியாக விழ வேண்டும்: அதிகமானால் முனை உதிரும், குறைந்தால் மடங்கும். வாங்கும்போதே ஒரு தேக்குத் துண்டில் நாலு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தால் முனை மடங்கிவிட்டது என்று பொருள்.

தீட்டும் விஷயத்தில் நமக்கு ஒரு கொடுப்பினை உண்டு. கல்லில் தீட்டிய பிறகு தோலில் இழுத்தால்தான் அலகு மரத்தைச் சீவும், இல்லையென்றால் பிய்க்கும். வெளிநாட்டுக்காரர்கள் இதற்கென்று தோல் பட்டையைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று சுற்றிலும் தோல் தொழில் நடக்கும் ஊர்கள் இருக்கும்போது நமக்கு என்ன கவலை? கையகலத் துண்டுத் தோலை ஒரு பலகையில் ஒட்டி, உலோகத்துக்கு பஃப் பாலிஷ் போடும் இடத்தில் கிடைக்கும் பச்சை நிற மெருகுக் கட்டியைத் தேய்த்துவிட்டால் போதும். அலகை அதில் பின்னோக்கி மட்டும் இழுக்க வேண்டும். முன்னால் தள்ளினால் தோல் கிழியும். கத்தியோ உளியோ, இது இரண்டுக்கும் பொது.

சொல்லிக்கொடுக்க யார்? கத்திக்கு யூடியூப்தான். உளிக்கு ஆசாரி இருக்கிறார். இப்போது கதவுப் பூவேலை பெரும்பாலும் கம்ப்யூட்டர் சொல்படி செதுக்கும் சி.என்.சி. மெஷினுக்குப் போய்விட்டதால், கைவேலை தெரிந்த பெரியவர்கள் கட்டில் கால், நிலை என்று வேறு வேலையில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் "வகுப்பு எடுங்கள்" என்றால் கூச்சப்படுவார்கள். "மாதம் இரண்டு ஞாயிறு பட்டறையில் உட்கார்ந்துகொள்கிறோம், தப்பாகச் செய்தால் சொல்லுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். கூலியை முதல் நாளே பேசிக் கையில் கொடுத்துவிட வேண்டும். மரியாதைக்குச் சொல்லித் தருவார் என்று விட்டுவிடக் கூடாது. அமாவாசையன்று மட்டும் போய் நிற்காதீர்கள், பல பட்டறைகளில் அன்று உளியைத் தொட மாட்டார்கள்.

இடத்துக்கு இதுவே பதிலும் ஆகிவிட்டது. மொட்டை மாடி தை, மாசி வரை சுகம். பங்குனிக்கு மேல் வேலூர் வெயிலில், அதுவும் தகரக் கூரைக்கு அடியில், முடியவே முடியாது. பள்ளிக்கூட ஹால் கிடைத்தாலும் பெஞ்சில் கிளாம்ப் போட்டால் தழும்பு விழும், அப்புறம் அனுமதி போய்விடும். பட்டறையில் மேசையும் உண்டு, துண்டு மரமும் உண்டு.

மரம் எது? வெளிநாட்டு வீடியோக்களில் சொல்லும் லிண்டன் என்ற மென்மரத்தைத் தேடி அலையாதீர்கள். அதன் இடத்தில் நமக்குக் குமிழ் மரம் இருக்கிறது: வெளிர் நிறம், மென்மை, அலகுக்கு இணங்கும். கத்திக்கு இதைவிட்டால் வேறு யோசிக்க வேண்டாம். உளிக்கு வாகையும் மாவும் நல்லவை. பெரம்பலூர் அரும்பாவூர்ச் சிற்பிகள் சாமி சிலைகளுக்கு எடுக்கும் மரங்களில் இவையும் உண்டு. வாகைத் தூள் மட்டும் தும்மலைக் கிளப்பும், மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். வேம்பு சுலபமாகக் கிடைக்கும், ஆனால் நார் மாறி மாறி ஓடுவதால் புதியவர் கையில் பிய்ந்துபோகும். தேக்கில் மணல்சத்து இருப்பதால் முனை சீக்கிரம் மழுங்கும். அதைப் பிறகு பார்க்கலாம்.

ஜவ்வாது மலை பக்கத்தில் இருப்பதால் யாராவது சந்தனக்கட்டை கொண்டுவருகிறேன் என்பார். மரப்பாச்சிக்குச் செம்மரம்தான் முறை என்று இன்னொருவர் கிளம்புவார். இரண்டையும் குழுவுக்குள் விடவே கூடாது. உரிய ரசீதும் அனுமதியும் இல்லாத துண்டு வீட்டில் இருந்தாலே வனத்துறையிடம் பதில் சொல்ல வேண்டிவரலாம். கொலுவுக்கு மரப்பாச்சி வேண்டுமானால் மாமரத்திலேயே செய்துகொள்ளலாம்.

இன்னொன்று, பச்சை மரத்தை அப்படியே வெயிலில் போட்டால் இரண்டு முனையிலிருந்தும் பிளந்துகொண்டு வரும். முனைகளில் மெழுகோ பழைய பெயின்ட்டோ பூசி நிழலில் அடுக்குங்கள்.

என் கட்சி உளிதான், அதுவும் பட்டறையில். தனியாகப் பழகுகிறவர், இரவில்தான் நேரம் கிடைக்கும் என்பவர் கத்தியை எடுக்கட்டும், தவறில்லை. குழு என்று வந்தால், நாம் தடுமாறும் இடத்தில் கைபிடித்துக் காட்ட ஆள் இருப்பது உளிக்குத்தான். முதல் பாடமாக ஆறு அங்குலப் பலகையில் ஒரு தாமரை எடுக்கலாம். மாதிரிக்குப் புத்தகம் வேண்டாம். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் அண்ணாந்து பாருங்கள்: விதானத்தில் தாமரையும், அதைச் சுற்றிக் கிளிகளும். கல்லில் இருந்தாலும் எந்த இதழ் மேலே, எது கீழே ஒளிகிறது என்பது அங்கே தெளிவாகத் தெரியும். கிளிகளை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.