டென்ஷன் ஏறும்போது எது கைகொடுக்கும்: இனிப்பா, காபியா, பட்டினியா, மாத்திரையா, சாப்பாடா?

மண்டை காயும் நாட்களில் கை தானாக எதையாவது தேடிப் போகும். சிலருக்கு சாக்லேட், சிலருக்கு மூன்றாவது காபி, சிலருக்கோ சோறே இறங்காது. இன்னும் சிலர் இதெல்லாம் எதற்கு, ஒமேகா-3 (மீன் எண்ணெயில் இருக்கும் ஒரு கொழுப்புச் சத்து) மாத்திரை போதும் என்று டப்பாவைத் திறப்பார்கள். இவற்றோடு "சாப்பாட்டையே மாத்து" என்ற பழைய அறிவுரையையும் சேர்த்து ஒரே தராசில் நிறுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. இந்த ஐந்தில் நான்கை நானே மாறி மாறிச் செய்திருக்கிறேன், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இனிப்பில் தொடங்கலாம். வாயில் போட்டதும் ஒரு சுகம் வருவது நிஜம்தான். ஆனால் மனநிலை மாறுகிறதா? 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆட்களுக்கு மனதைக் கனக்க வைக்கும் படக்காட்சிகளைக் காட்டிவிட்டு, அவர்களே ஆறுதல் என்று சொன்ன உணவைக் கொடுத்தும், வேறு உணவைக் கொடுத்தும், ஒன்றுமே கொடுக்காமலும் பார்த்தார்கள். எப்படிப் பார்த்தாலும் மனது ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் தேறியது. சும்மா உட்கார்ந்திருந்தாலும் அது தேறியிருக்கும், நாம் சாக்லேட்டுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறோம். 2019இல் 31 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த இன்னோர் அலசலிலும், சர்க்கரை மனநிலையைத் தூக்கிவிட்டதாகத் தெரியவில்லை, ஒரு மணி நேரத்துக்குள் களைப்புதான் கூடியிருந்தது.

காபி விஷயம் அவ்வளவு எளிதில்லை, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். நாம் விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும், அதுதான் "போதும், படு" என்று சொல்வது. அது உட்கார வேண்டிய இடத்தில் காஃபீன் முந்திப் போய் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு எங்கும் போய்விடவில்லை, நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். குடித்த காஃபீனில் பாதி வெளியேறவே பலருக்குச் சுமார் 5 மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் இது நிறையவே மாறும். படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் எடுத்தவர்களுக்குக்கூடத் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்ததாக 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. (நல்ல உடல்நிலையில் இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்கும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் பாதுகாப்பான அளவே அந்த 400தான். கர்ப்பிணிகளுக்கு 200.) தூக்கம் குறைந்தால் மறுநாள் சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவோம், அப்புறம் அதற்கும் ஒரு காபி. எளிதில் பதறுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை, காபியால் வரும் படபடப்பையே பயம் என்று எடுத்துக்கொண்டு மேலும் பதறுவார்கள். ஆக, என் கணக்கில் காலைக் காபி இனிப்பைச் சுலபமாக ஜெயிக்கும், சாயங்காலக் காபி இனிப்பிடமே தோற்கும்.

பட்டினியைப் பற்றிப் பேசப் பெரிதாக ஒன்றுமில்லை. ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் அதை ஏற்ற உடல் இறக்கிவிடும் ஆட்களில் அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்களும் உண்டு, டென்ஷனிலும் அதே இரண்டுதான் வேலை செய்கின்றன. எரிகிற இடத்தில் எண்ணெய்.

மாத்திரைமேல் எனக்கு நிறைய நம்பிக்கை இருந்தது. 18,000க்கும் மேற்பட்டவர்களைச் சுமார் 5 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2021இல் முடிவு வந்த அமெரிக்கச் சோதனையில், ஒமேகா-3 எடுத்தவர்களுக்கு மனச்சோர்வு வருவது குறையவில்லை. பல சத்துகளைக் கலந்து கொடுத்த 2019 ஐரோப்பியச் சோதனையும் இதே கதைதான். பரிசோதனையில் இரும்புச்சத்தோ பி12ஓ குறைவு என்று தெரிந்தால் அது வேறு விஷயம், அப்போது டாக்டர் சொல்கிற மாத்திரையை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

சரி, சாப்பாட்டையே மாற்றினால்? ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சியாளர் பெலிஸ் ஜாக்காவின் குழு 2017இல் வெளியிட்ட ஸ்மைல்ஸ் சோதனையில், மனச்சோர்வு நோய் இருந்த 67 பேரில் ஒரு பகுதியினருக்கு உணவு ஆலோசனையும், மற்றவர்களுக்குப் பேச்சுத்துணையும் கொடுத்தார்கள். காய்கறி, பழம், பருப்பு வகைகள், முழுதானியம், கொட்டைகள், மீன், ஆலிவ் எண்ணெய் கூடுதல், இனிப்பும் பொரித்ததும் குறைவு, இதுதான் அந்த உணவுமுறை. 12 வாரம் கழித்து உணவை மாற்றியவர்களில் சுமார் 32 சதவீதம் பேர் நோய் தணிந்த நிலைக்கு வந்தார்கள், மற்ற குழுவில் 8 சதவீதம். சின்னச் சோதனைதான், யார் எதைச் சாப்பிடுகிறார் என்பதை அவரிடமே மறைக்கவும் முடியாது, அன்றாட டென்ஷனும் மனச்சோர்வு நோயும் ஒன்றல்ல. ஆனாலும் இந்த ஐந்தில் நான் பணம் கட்டுவதென்றால் இதன்மேல்தான். ஆனால் "மகிழ்ச்சி ஹார்மோன் வயிற்றில்தான் ஊறுகிறது" என்று யாராவது ஆரம்பித்தால் நம்பிவிட வேண்டாம். அவர்கள் சொல்லும் அந்த ஹார்மோனான செரட்டோனினில் 90 சதவீதம் அளவுக்குக் குடலில் உருவாவது உண்மை, அது அப்படியே மூளைக்குள் நுழைவதில்லை என்பதும் உண்மை.

இந்தக் கடைசி வழியில் ஒரே ஒரு ஓட்டை. நிஜமாகவே டென்ஷனில் இருக்கும் அன்று யாருக்கும் காய் நறுக்கத் தெம்பு இருக்காது, கைக்கெட்டும் தூரத்தில் எது இருக்கிறதோ அதுதான் உள்ளே போகும். அதனால் நான் இப்போது செய்வது இவ்வளவுதான்: மனது லேசாக இருக்கும் நாளில் அவித்த பருப்பு வகையும் நறுக்கிய காயும் பிரிட்ஜில் கண்ணுக்கு நேராக, சாக்லேட் ஏணி போட்டு எடுக்கும் உயரத்தில். போன வாரம் ஏணியையும் எடுத்தேன்.